சங்கு ஊதாத ஞாயிற்றுக்கிழமை

அடியே,

இன்று காலை மாடி வீட்டுப் பெண் ஒரு கித்தளைப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஆரஞ்சு என்றுதான் சொன்னாள். நமக்கு அது என்றைக்கும் கித்தளைதானே. தோலில் நகம் பட்டதும் கிளம்பிய வாசனையில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே அவளும் அவள் கூட்டாளிகளும் சனி ஞாயிறுக்கு எங்கே போவது என்று பெரிய ரகளை பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மலை என்கிறாள், ஒருத்தி கடல் என்கிறாள், இன்னொருத்திக்கு எங்கேயாவது நன்றாகச் சாப்பிட்டால் போதுமாம். அந்தச் சத்தமும் இந்த வாசனையும் சேர்ந்தபோது உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாமும் ஒரு காலத்தில் இப்படித்தான் திட்டம் போட்டோம். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் நீ, நான், ராஜம்மா, கன்னியம்மா. மத்தியானச் சோற்று வேளையில் கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்டிக்குப் போய்வருவது என்று பேச ஆரம்பித்தோம். மாடி வீட்டுப் பெண்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஜீவனஹள்ளியிலிருந்து சிட்டிக்குப் போக ஒரு திட்டமா என்பார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பக்கமே பிறந்து, தண்டுப் பக்கமே வாழ்க்கைப்பட்ட நமக்குச் சிட்டி என்பது வேறு ஊர். தண்டுக்கும் சிட்டிக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு முனிசிபாலிட்டியும் ஒன்றாகிச் சில வருஷம் ஆகியிருந்தது, காகிதத்தில். நமக்கு வீடு, மில், சந்தை, கோயில். கப்பன் பார்க்கைத் தாண்டி ஒரு உலகம் இருக்கிறது என்று பஸ்ஸின் பலகையில் எழுதியிருந்ததை வைத்துத்தான் நம்பினோம்.

திட்டம் முழுக்க உன்னுடையது. அறுந்த நூலைப் பொறுக்கி வந்து தரையில் ரோடு போட்டாய். ராஜம்மாவின் டிபன் மூடி லால்பாக். அவளுக்கு அங்கே இருக்கும் கண்ணாடி மாளிகையைப் பார்க்க வேண்டும். கன்னியம்மாவின் வெங்காயம் ஓட்டல். பளிங்கு மேசையில் உட்கார்ந்து மசாலா தோசை தின்னாமல் சாகமாட்டேன் என்று அவள் சபதம் போட்டிருந்தாள். எனக்கு வளையல் கடைத் தெரு, அதற்கு என் ஊறுகாய்ச் சிமிழ். எல்லாவற்றுக்கும் கடைசியில் உன் தூக்குச் சட்டியை நிமிர்த்தி வைத்தாய்.

"இது இன்னாடி?" என்றாள் ராஜம்மா.

"விதான சௌதா. சட்டசபைக்குன்னு புதுசா கட்டிக்கீறாங்களே. ஞாயித்துக்கெழம சாயங்காலம் மொத்தத்துக்கும் லைட்டு போடுவாங்களாம். வாட்ச்மேன் சொன்னாரு. அத்தப் பாத்துட்டு நீங்க மூணு பேரும் பஸ் ஏறிடுங்க."

"நாங்க மூணு பேரா? நீ?"

"நான் அதுக்கு முன்னாடியே வந்துடுவேன்டி. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. உன் மாமியாரை எங்களுக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் எங்கேயோ வடக்கே இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மிச்ச நாளெல்லாம் அந்த அம்மாதான் உனக்குச் சர்க்கார். நீ அனுமதி கேட்டபோது நானும் கூட நின்றேன். அந்த அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போய்ட்டு வா. விளக்கு வெக்கிற நேரத்துக்கு வூட்ல இருக்கணும். இல்லன்னா மறுநாள்லேர்ந்து மில்லும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ள வந்து கேட்டா நான் இன்னான்னு பதில் சொல்றது?"

அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான். மில் வேலை உனக்குச் சம்பளம் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டைவிட்டு வெளியே வர உனக்கு இருந்த ஒரே வழி அது. நூல் அறுந்தால் சூப்பர்வைசர் திட்டுவார், காலெல்லாம் வலிக்கும், மூக்கெல்லாம் பஞ்சு. அங்கேதான் நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். என்ன கிளம்பு கிளம்பினோம் நாம்! "ரெண்டாஞ் சங்குக்கு அல்லாரும் ரயில்வே கேட்டாண்ட வந்துடணும். ஒருத்தி லேட்டானாலும் உட்டுட்டுப் போய்டுவோம்" என்று நீதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். நாங்களும் பெரிதாகத் தலையாட்டினோம். நம் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. எதற்கு? மில்லின் முதல் சங்குக்கு எழுந்திருப்போம், இரண்டாம் சங்குக்கு ஓடுவோம். பிள்ளை பெற்றவளைக் கேட்டால்கூட எந்தச் சங்குக்குப் பிறந்தது என்றுதான் சொல்வாள்.

நான் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வெயில் எதிர்ச் சுவரில் இறங்கிவிட்டது. இன்றைக்கு என்ன சங்கு இவ்வளவு தாமதம், மில்லில் ஏதாவது கோளாறா என்று எங்கள் வீட்டுக்காரரிடம் வேறு கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்றார். அதே நேரத்தில் ராஜம்மா அவள் வாசலிலும், கன்னியம்மா அவள் வாசலிலும் பூ வைத்துக்கொண்டு இதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தெருமுனையிலிருந்து நீ ஓடிவந்தாய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"அடியே அறிவு கெட்டவளுங்களா! ஞாயித்துக்கெழம எவன்டி சங்கு ஊதுவான்?"

தெருவே சிரித்தது. நமக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கன்னியம்மா மட்டும், திட்டம் போட்டவளே சங்கு என்றுதானே சொன்னாள் என்று பஸ்ஸில் ஏறும்வரை உன்னை விடவில்லை. அரை நாள் போய்விட்டதைப் பஸ்ஸில்தான் உணர்ந்தோம். நீ விரலை மடக்கி யோசித்தாய். பிறகு என் கையைப் பிடித்தாய். "வளையலு அடுத்த வாட்டிடி. கோச்சிக்காத." எனக்குக் கோபம்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் மறந்துவிட்டது, ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே ரோடு அகன்றுகொண்டே போனது. அவ்வளவு பெரிய மரங்கள், அவற்றின் கீழே ஒரு சருகுகூட இல்லாமல் பெருக்கிய ரோடு. "யாருக்குடி இவ்ளோ அகலம்?" என்று ராஜம்மா மெதுவாகக் கேட்டாள். நமக்குந்தான் என்றாய் நீ.

கண்ணாடி மாளிகையின் முன்னால் நாம் நான்கு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஒரு கட்டடம், சுவரே இல்லாமல், அத்தனையும் கண்ணாடி. உள்ளே வெயில் தண்ணீர் மாதிரி நின்றது. ராஜம்மா மட்டும் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்த யாருடி தொடைக்கிறது?" என்றாள். ஓட்டலில் பெண்களுக்கென்று திரை போட்டு ஒதுக்கிய அறையில் உட்காரவைத்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் முழிக்க, நீ என்னவோ தினமும் வருகிறவள் மாதிரி, "நாலு மசாலே, நாலு காபி, பேக கொடி" என்று சீக்கிரம் கொடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினாய். கன்னியம்மா பளிங்கு மேசையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். சில்லென்று இருக்கிறது என்றாள். தோசை வந்த பிறகு அவள் தட்டைவிட்டு நிமிரவே இல்லை.

கப்பன் பார்க் புல்லில் உட்கார்ந்து கித்தளை உரித்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நீ சுளையை வாயில் போட்டுக்கொண்டு ஆகாயத்தையே பார்த்தாய். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாய். "நான் கெளம்புறேன். நல்லா பாத்துட்டு வாங்க. எந்த எடத்துல மொதல்ல லைட்டு வருதுன்னு பாத்து வெச்சிக்கினு எனக்குச் சொல்லணும்." உன்னைப் பஸ் ஏற்றிவிட நாங்களும் வந்தோம். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே விதான சௌதா நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கல் கட்டடத்தை மனுஷர்கள் கட்டினார்கள் என்று நம்ப முடியவில்லை. படிகளே ஒரு தெரு அளவு இருந்தன. ரோடு ஓரமெல்லாம் குடும்பம் குடும்பமாக ஜனம், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடலைப் பொட்டலத்துடன் காத்துக்கொண்டிருந்தது. நீ அதற்கு முதுகைக் காட்டி நின்று பஸ் வரும் திசையைப் பார்த்தாய். பஸ் வரவில்லை. ஆகாயம் கறுத்தது. இன்னும் வரவில்லை. உன் கை என் கையைப் பிடித்திருந்தது. போச்சுடி, என் மில்லு போச்சு என்று எங்களுக்குக் கேட்காத மாதிரி உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். நான் ஓட்டமாக ரோட்டின் ஓரத்துக்குப் போய், தூரத்தில் ஏதாவது வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்போது பின்னால் ஜனம் மொத்தமும் "ஆ" என்றது.

நான் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீ திரும்பிவிட்டிருந்தாய். உன் முகம் முழுக்க மஞ்சளாக வெளிச்சம். வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். மாமியார், மில், பஸ் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அதே சமயம் பஸ்ஸும் வந்து தொலைத்தது. "பேக ஹத்தி, பேக ஹத்தி" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார். உன்னை இழுத்துக்கொண்டு ஏறினேன். பார்த்தால் ராஜம்மாவும் கன்னியம்மாவும் எங்களுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று நீ சொல்லக்கூட இல்லை. உன்னைத் தனியாக அந்த வாசலுக்கு அனுப்ப மூன்று பேருக்கும் மனசு வரவில்லை.

நம் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. உன் வீடு மட்டும் இருட்டு. அந்த அம்மா கோபத்தில் பூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டாரா, உடம்புக்கு ஏதாவதா என்று என்னென்னவோ தோன்றியது. கிட்டே போனபிறகுதான் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அத்தே, பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாய்.

"விளக்கு இன்னும் வெக்கல" என்றார் அந்த அம்மா. "கை கால் கழுவினு வந்து வெய்யி."

"எதிர் வூட்டுக்காரி வேற வந்து, இன்னும் விளக்கு வெக்கலியான்னு கேட்டுட்டுப் போறா. எண்ண தீந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பினேன்" என்றார். நீ உள்ளே போனாய். எண்ணெய்ப் புட்டி கழுத்துவரை நிரம்பியிருந்தது என்று மறுநாள் மில்லில் நீ சொன்னபோது கன்னியம்மா அழுதேவிட்டாள். அந்த அம்மாவைப் பற்றி அதுவரை நாங்கள் பேசியதையெல்லாம் நினைத்து எனக்கும் வெட்கமாக இருந்தது. ஒரு நாள் சந்தோஷத்துக்காகத் தன் வாக்கையும் விடாமல், உன் வேலையையும் பறிக்காமல், ஒரு நாளும் தவறாத விளக்கை ஏற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருக்க அந்த மனுஷிக்கு எப்படித் தோன்றியது? இன்றும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

நீ விளக்கை வைத்துவிட்டு வந்ததும் அந்த அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்டி இன்னாதான் கீது அங்க?"

நீ அவர் காலடியில் உட்கார்ந்தாய்.

"கல்லு அத்தே. அத்தனையும் கல்லு. லைட்டு போட்டதும் பாலு பொங்கி வருமே, அப்டி கீழேர்ந்து மேல ஏறிச்சு. மொதல்ல படி, அப்பறம் தூணு ஒண்ணொண்ணா, அப்பறம் மேல கோபுரம். கல்லே இல்லியோன்னு ஆயிடுச்சு. எனக்கு மூச்சே நின்னுடுச்சு அத்தே."

"அவ்ளோ கல்லையும் ஆரு தூக்கினாங்களோ, பாவம்" என்றார் அந்த அம்மா. பிறகு, "உள்ள ஆரு இருக்காங்க?"

"ஞாயித்துக்கெழம ஆரும் இல்ல அத்தே. சும்மாவே போடுறாங்க. நம்ம பாக்கறதுக்கு."

"நம்ம பாக்கறதுக்கா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்.

அதன்பிறகு எத்தனையோ தடவை சிட்டிக்குப் போனோம். என் வளையலும் வந்து சேர்ந்தது. உன் மாமியாரும் ஒரு தடவை நம்மோடு வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தோசை தின்று, உப்பு ஜாஸ்தி என்றார். மில்லை மூடும்வரை நீ வேலை பார்த்தாய். உன் வீட்டுக்காரர் திரும்பி வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், இப்போது அவர்கள் யாரும் இந்தப் பக்கம் இல்லை. அந்தக் கட்டடத்தை நானும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், விளக்கோடும் விளக்கில்லாமலும். ஒரு தடவைகூட அது பால் மாதிரி பொங்கவில்லை.

உனக்குக் காரியம் முடிந்த அன்று உன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லச் சொன்னாள். நான் இதைத்தான் சொன்னேன். முதலில் படி, அப்புறம் தூண் ஒவ்வொன்றாக, அப்புறம் மேலே கோபுரம். சொல்லச் சொல்ல என் கண்ணெதிரே வெளிச்சம் ஏறியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் பாத்தீங்களா, அத்தை?"

நான் அன்றைக்கு ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் உன் முகத்தை. பார்த்தேன் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.