குடல்வால் என்று சொல்லிவிட்டோம்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வெளியே இறங்கிக்கொண்டிருந்த மலக்குடலை உள்ளே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். இங்கே எழுதவே கை தயங்குகிறது. வயிற்றில் சின்னச் சின்னதாய்த் தையல்கள். கீழ்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தாள். "என்னாச்சு இவளுக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "குடல்வால் ஆபரேஷன்" என்றாள். நானும் தலையாட்டினேன். அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 6

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மீறினால் திரும்ப இறங்கிவிடும். அப்பா என்னிடம் நேராகக் கேட்கமாட்டார். நான் கழிவறையிலிருந்து வந்ததும் அம்மாவிடம், "வண்டி கிளம்புச்சா?" என்பார். இன்று கிளம்பியது. இந்த வீட்டில் முதல் பட்டம் நான் வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை.

மார்ச் 11

நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கும் அம்மா குடல்வால் என்றே சொல்லியிருக்கிறாள். நூலகர் போன் செய்தார். "குடல்வால்தானே? என் மச்சான் ரெண்டே வாரத்துல மூட்டை தூக்கினான். திங்கக்கிழமை வந்துடும்மா."

"சரி சார்."

ஏன் சரி என்றேன்?

மார்ச் 14

"அந்த இடத்துப் பேச்சை வெளிய சொன்னா நாளைக்கு எவன்டி உன்னைக் கட்டிப்பான்?" - அம்மா. கட்டிக்கொள்வதற்கு முன்னால் நான் நிம்மதியாக உட்கார வேண்டாமா? கேட்கவில்லை. எழுதுகிறேன்.

மார்ச் 16, திங்கள்

திரும்பி வந்த புத்தகங்கள் பெட்டி பெட்டியாக எனக்காகவே காத்திருந்தன. முதல் பெட்டியைத் தூக்கினேன். கீழே ஏதோ நழுவுவதுபோல - ஐயோ. அப்படியே போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடவுளே, ஒன்றுமில்லை. என்கூட வேலை செய்யும் அக்கா வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "என்னப்பா, உள்ளேயே குடித்தனமா?" சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். மீதிப் பெட்டிகளை நாளைக்கு என்று தள்ளி வைத்தேன். நாளைக்கு மட்டும் தூக்க முடியுமா?

மார்ச் 17

நூலகர் மேசை முன் நின்று ஒரே மூச்சில் சொன்னேன். "எனக்குக் குடல்வால் இல்ல சார். மலக்குடல் வெளிய வந்துடுச்சு. தைச்சிருக்காங்க. கனம் தூக்கினா திரும்ப வந்துடும்." குரல் எகிறிவிட்டது. வாசிப்பு மேசையில் ஒரு தாள்கூடப் புரளவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டியைத் தொடாதம்மா. கவுன்ட்டர்ல உட்காரு."

"ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது சார்." இதையும் நான்தான் சொன்னேன்!

இதை வீட்டில் சொன்னதும் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

சித்தி போன் செய்து விசாரித்தாள். "அது ஒண்ணுமில்ல, குடல்..." என்று ஆரம்பித்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இரு, அவளே சொல்லுவா" என்று போனை என் கையில் கொடுத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். மடித்த துணியை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.