முதல் பாடு யாருக்கு

5 அக்டோபர், ஞாயிறு

காலையில் தம்பி முத்துராஜ் வந்து செல்போனிடம் பேசிக்கொண்டிருந்தான். என்னிடம் பேச வந்தவன்தான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்ததால் அதனிடம் பேசினான். நாளைக்கு வலைக்குப் போனால் காற்று எப்படி இருக்கும் என்று கேட்டான். அது பணிவாக, நீளமாக, ஒன்றுமே சொல்லாமல் பதில் சொன்னது. இவனுக்குத் திருப்தி. "எவ்ளோ மரியாதையா பேசுது பாருக்கா" என்றான். மரியாதையாகப் பேசினால் காற்று நிற்குமா என்று கேட்டேன். நீயும்தான் படிச்சிருக்க என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோனான்.

8 அக்டோபர், புதன்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நிகழ்தகவு. பாதிப் பேர் தூக்கம். எங்கள் குப்பத்துப் பாடு முறையையே கணக்காகக் கொடுத்தேன். ஏரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், இறால் ஓடும் இடத்தில், நினைத்தவரெல்லாம் வலை கட்ட முடியாது. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. யார் முதல், யார் கடைசி என்று வருடத்துக்கு ஒருமுறை கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். மழை கொட்டி இறால் கடலை நோக்கி ஓடும்போது யார் பாடு வருகிறதோ அவருக்கு யோகம். கடைசி ஆளுக்குக் குழம்புக்குத் தேறினால் சரி.

"மேடம், இதுல ஏமாத்த முடியுமா?" என்றது கடைசி பெஞ்ச். விழித்துக்கொண்டதே அப்போதுதான்.

முடியும் என்றுதான் எங்கள் ஊர் சின்னதம்பி சொல்கிறார். போன வருடம் கிராமத் தலைவர் ஆதிகேசவன் தன் சீட்டை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து குடத்தில் போட்டாராம். கைக்குச் சில்லென்று படுவதை முதலில் எடு என்று சீட்டு எடுத்தவரிடம் சொல்லியும் வைத்தாராம். உண்மையோ பொய்யோ, அதிலிருந்து ஊரில் சீட்டை யாரும் நம்புவதில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

ஊர்க்கூட்டம். இந்த வருடம் பாடு வரிசையைச் செல்போனில் இருக்கும் செயற்கை அறிவே சொல்லட்டும் என்று முடிவு. யோசனை ஆதிகேசவனின் மகள் நிவேதாவுடையது. ஏரியை வீடியோ எடுத்துப் போட்டே பெயர் வாங்கியவள். தலைவர் வீட்டு யோசனையைச் சின்னதம்பி எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர்தான் முதலில் எழுந்து ஆதரித்தார். "அதுக்கு மாமன் மச்சான் கெடையாது. பொண்ணு எடுக்கல, பொண்ணு குடுக்கல. பொய் சொல்லி அதுக்கு இன்னா ஆவப்போவுது?"

ஊரே தலையாட்டியது. வாதம் நன்றாகத்தான் இருந்தது.  என்னை யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் முத்துராஜ் சொன்னான்: இந்தத் தடவை முதல் நாலைந்து பேருக்குள் வராவிட்டால் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஏதோ குடோனில் காவல் வேலைக்குப் போய்விடுவானாம். இரண்டு வருடமாக அவனுக்குக் கடைசிப் பக்கமே விழுகிறது. அவன் மனைவி பூவிழி எதற்கும் நாலு வார்த்தை கூடுதலாகப் போடுகிறவள், இதைக் கேட்டு வேகமாக முன்னால் நடந்துவிட்டாள்.

குடோன் வாசல்ல உக்காந்து இன்னாத்தக் காப்பான் இவன்? தண்ணியப் பாக்காம ஒரு நாள் இருந்திருக்கானா?

16 அக்டோபர், வியாழன்

நிவேதா நேரலையில் எல்லாப் பெயரையும் படித்துக்காட்ட, செல்போன் ஒரு வரிசை சொன்னது. முத்துராஜுக்கு இரண்டாவது பாடு. பூவிழி கேசரி கொடுத்தனுப்பினாள்.

கேசரி ஆறுவதற்குள் சின்னதம்பி தன் போனில் கேட்டிருக்கிறார். அதில் அவர்தான் முதல். பிறகு அடுத்த வீட்டுக்காரர் கேட்டார். விளக்கு வைப்பதற்குள் குப்பத்தில் எத்தனை போனோ அத்தனை வரிசை.

17 அக்டோபர், வெள்ளி

பொன்னேரி பஸ்ஸில் அமீனாவிடம் சொன்னேன். எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் துறை, பழவேற்காட்டில் ஏறுவாள். சிரிப்பாள் என்று பார்த்தால், அதைக் குறை சொல்லாதே என்கிறாள். வீட்டுச் சண்டையை அதனிடம் சொன்னால் அவள் பக்கம்தான் நியாயம் என்கிறதாம். "நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து ஒருத்தர் சொன்னதில்லடி" என்றாள்.

19 அக்டோபர், ஞாயிறு

இப்போது வரிசை கேட்பதை விட்டுவிட்டு நியாயம் கேட்கிறார்கள். புயலில் படகு உடைந்த மூத்த மீனவனுக்கு முதல் பாடு தருவதுதானே முறை என்று சின்னதம்பி கேட்டார். மிகவும் முறை என்றது. ஊருக்காக ஓயாமல் உழைக்கும் தலைவனுக்கு என்று ஆதிகேசவன் கேட்டார். அதுவும் நியாயம்தான். இரண்டு வருடம் பின்னால் தள்ளப்பட்டதை முத்துராஜ் சொன்னதும், உங்கள் மனவலி புரிகிறது என்றதாம். இவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிவேதாவின் வீடியோவுக்குக் கீழே ஊர் ஊராகத் தீர்ப்பு. திருப்பூரிலிருந்து ஒருவர் சின்னதம்பிக்கு நீதி கேட்கிறார். ஏரியைப் பார்த்திருக்கவே மாட்டார். இன்னொருவர் பின்னால் நிற்கும் நாய் விற்பனைக்கா என்று கேட்டிருக்கிறார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. நல்ல மழை. வரிசை முடிவாகாமல் யாரும் முகத்துவாரத்தில் வலை கட்டக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. இறாலுக்குக் கட்டுப்பாடு இல்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

23 அக்டோபர், வியாழன்

ஆதிகேசவனும் சின்னதம்பியும் ஒரே குடையில் வந்தார்கள். பழையபடி சீட்டே போட்டுவிடலாமாம். நான் எடுக்க வேண்டுமாம்.

ஏன் நான் என்றேன். சின்னதம்பி கூச்சப்படவே இல்லை. "டீச்சரம்மா, எம்பொண்ணு கல்யாணத்துல சாப்ட்டுட்டு பிரியாணில உப்பு இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போன. உன்ன நம்பலாம்."

ஆதிகேசவன் ஒத்து ஊதினார். "அந்த மிசினு எல்லாரையும் தட்டிக்குடுக்குது. நீ யாரயும் தட்டிக்குடுத்து நாங்க பாத்ததில்ல."

என் தம்பி பெயரும் குடத்தில் இருக்குமே என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனிடமும் நான் சிரித்துப் பேசி அவர்கள் பார்த்ததில்லையாம்.

இது பாராட்டா, வசவா?

24 அக்டோபர், வெள்ளி

ஒப்புக்கொள்வதா, வேண்டாமா? நானும் அதனிடம் கேட்டேன். உங்கள் தயக்கமே உங்கள் நேர்மைக்கு அடையாளம் என்றது. வெட்கமாக இருந்தது. இன்னொரு முறையும் படித்தேன்.

26 அக்டோபர், ஞாயிறு

மழை விட்டிருந்தது. சீட்டுகளைக் கோயில் படியில் வெயிலில் பரப்பி வைக்கச் சொன்னார்கள். சின்னதம்பி ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, சூடுதான் என்று ஊருக்கு அறிவித்தார். நான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் குடத்துக்குள் கைவிட்டேன். நிவேதா வீடியோ எடுத்தாள்.

சின்னதம்பி முன்வரிசையில் வந்துவிட்டார். ஆதிகேசவன் நடுவில். முத்துராஜ் பெயர் வரவில்லை. எடுக்க எடுக்க வரவில்லை. குடத்தில் ஒரே ஒரு சீட்டு கிடந்தபோது அதைப் பிரிக்கவே தேவையில்லை. பிரித்தேன்.

 சின்னதம்பி கை தட்டினார். "கூடப் பொறந்தவனுக்கே கடைசி. இதுக்கு மேல இன்னா வோணும்?" ஊரே கை தட்டியது.

இது எதையும் நிரூபிக்கவில்லை. அவன் பெயர் முதலில் வந்திருந்தாலும் என் கை இதே கைதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை முகங்களிலும் இருந்த நிம்மதியைப் பார்த்து மூடிக்கொண்டேன். முத்துராஜ் துண்டை உதறிவிட்டுப் போய்விட்டான்.

ச்சே. நான் இன்னா பண்ணுவேன்? கைல சிக்கவே இல்லியேடா.

2 நவம்பர், ஞாயிறு

அவன் வரவில்லை. பூவிழி வந்தாள். டிசம்பரிலிருந்து குடோனுக்குப் போவதாக அங்கே சொல்லிவிட்டானாம். ஒரு அக்கா இப்படிச் செய்யலாமா என்று போனிடமும் கேட்டிருக்கிறான். உங்கள் வருத்தம் நியாயமானது என்றதாம்.

"அப்புறம் நான் என் போன்ல கேட்டேன் அண்ணி. நீங்க செஞ்சதுதான் சரின்னு சொல்லிச்சு" என்றாள். "ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு வந்திருக்கேன். அதுங்களே பேசிக்கட்டும்."

20 நவம்பர், வியாழன்

ஊர் இப்போது எதற்கெடுத்தாலும் என்னிடம் வருகிறது. பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த குறுஞ்செய்தி, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய போட்டோ, காலில் வந்த வீக்கம். எனக்குத் தெரியாது என்கிறேன். தெரியாது என்று சொன்னதாலேயே இன்னும் நம்புகிறார்கள்.

கடைசிச் சீட்டு வீடியோ எங்கெங்கோ போயிருக்கிறதாம். மீன் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் முத்துராஜை நிறுத்தி, நீதான் அந்தத் தம்பியா என்று கேட்கிறார்களாம். டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்களாம். திருப்பூர்க்காரர் இப்போது இவனுக்கு நீதி கேட்கிறார். இதையெல்லாம் பூவிழிதான் சொன்னாள். அவன் ஒவ்வொரு கமெண்டையும் படிக்கிறான் என்பதையும்.

30 நவம்பர், ஞாயிறு

அவன் பாடு இன்று. இறால் கொஞ்சம், மீதி மடவை மீனும் நண்டும். மோசமில்லை, நன்றாகவும் இல்லை. பூவிழி கையில் நாலு நண்டு வந்தது. யார் கொடுத்தனுப்பியது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எப்போது வேலைக்கு வருகிறாய் என்று குடோனிலிருந்து கேட்டார்களாம். ஊரில் வேலை கிடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறான். என்ன வேலை என்று பூவிழிக்கும் புரியவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து மூன்று பெரியவர்கள் வந்தார்கள். அங்கேயும் ஏதோ வரிசைத் தகராறு. அங்கேயும் ஆளுக்கொரு போன். அவர்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்தவன் முத்துராஜ். வழி நெடுகப் பேசியிருக்கிறான் போல. வாசலிலும் அவன்தான் பேசினான், என் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கக்காவ நம்பலாம். கூடப் பொறந்த தம்பி நானு. எனக்கே கடைசிதான்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். பெரியவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

நான் சீட்டு வெட்டத் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டேன். கரையில் தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. "பாத்து வாக்கா, சேறு" என்று கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு ஏறினேன்.