பல் கூச்சமும் மணல் தட்டிய வெண்ணிலாவும்

பிப்ரவரி 9

இன்று பதினான்கு மாதிரி. முதல் கரண்டியிலேயே மேல்வரிசைப் பல் சுரீரென்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ்கிரீம் கம்பெனியில் ருசி பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இங்கே போய்ப் பல் கூசுகிறது என்று சொன்னால் யார் சிரிக்கமாட்டார்கள்?

"என்னம்மா, கண்ணு கலங்குது?" என்றார் கரண்டி அண்ணன். என்னோடு ருசி பார்ப்பவர், சொந்தக் கரண்டியைப் பையிலேயே வைத்திருப்பார்.

"தூசிண்ணே" என்றேன்.

பிப்ரவரி 12

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். மாதிரியைக் கொஞ்ச நேரம் இளகவிட்டு, பல்லில் படாமல் நாக்கில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கூச்சமே இல்லை. நான் கெட்டிக்காரிதான்.

பிப்ரவரி 20

மூன்றாவது பேஸ்ட். "கூச்சம் உடனே போகும்" என்று அட்டையில் போட்டிருக்கிறது. முதல் இரண்டிலும் அதையேதான் போட்டிருந்தார்கள்.

"நாலு நாளைக்கு ஒண்ணு மாத்துனா, எந்த பேஸ்டுக்குத்தான் உன்னை அடையாளம் தெரியும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 2

வெண்ணிலா ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. மணல் மாதிரி நறநறக்கிறதாம், ஐஸ் துகள். அந்த லோடை ருசி பார்த்தது நான் மட்டும்தான். அண்ணன் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இளகவிட்டா துகள் கரைஞ்சிடும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே — எனக்கு ஏன் தோணலை?

மூத்தவர் என்று மேலாளரம்மா அவரைத்தான் திட்டினார். அவர் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என்ன மனுஷி நான்?

மார்ச் 3

சொல்லிவிட்டேன்.

"லேபிள் பிரிவுக்குப் போங்க. ரெண்டு மாசம் பார்ப்போம். பல் சரியானா திரும்பி வாங்க, இல்லேன்னா அங்கயே இருந்துக்கங்க" என்றார் மேலாளரம்மா.

வெளியே அண்ணன் நின்றிருந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 6

பல் டாக்டரிடம் போனேன். பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்துத் தேய்த்து ஈறு இறங்கிவிட்டதாம். வெளியே தெரியும் வேர்ப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அவற்றின் வழியாகத்தான் குளிர் நரம்புக்குப் போகிறது. பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அமைதிப்படுத்துமாம். ஹைட்ராக்சிஅபடைட் என்பது பல்லிலேயே இருக்கிற தாது, அது துளையை அடைக்குமாம். இரண்டும் உள்ள பேஸ்ட், மெத்தென்ற பிரஷ் எழுதிக் கொடுத்தார்.

"தேய்ச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"வாசனை சுத்தமா போற வரைக்கும் நாலஞ்சு தடவை கொப்பளிப்பேன். எங்க தொழில் அப்படி."

டாக்டர் சிரித்துவிட்டார். "போட்ட மருந்தை நீங்களே கழுவி ஊத்துறீங்க. நுரையைத் துப்புங்க, போதும். உடனே கொப்பளிக்காதீங்க. வாரக்கணக்கா ஆகும், பொறுமையா இருங்க."

அத்தனை பேஸ்டும் விழலுக்கு இறைத்த நீர்.

மார்ச் 13

ஒரு மாற்றமும் இல்லை. நாள் முழுக்க லேபிள். விரலெல்லாம் பசை.

மார்ச் 29

குழாய்த் தண்ணீர் பட்டது. கூசியது, ஆனால் உயிர் போகவில்லை. ஆசைப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசைப்பட்டேன்.

ஏப்ரல் 17

சாப்பாட்டு அறையில் அண்ணன் ஒரு ஐஸ்கிரீம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "கடிச்சுப் பாரும்மா." கடித்தேன். ஒரே ஒரு பல் மட்டும் லேசாக முணுமுணுத்தது.

"மூஞ்சியே சுளிக்கலையே" என்றார்.

ஆறு வாரம் கழித்து என்னிடம் பேசியிருக்கிறார். லேபிள் மேஜைக்குத் திரும்பியதும் அழுதேன்.

மே 4

மேலாளரம்மா மூன்று கிண்ணங்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக என் முன் வைத்தார். இளகவிடவில்லை. நாக்கால் மேலே அழுத்தி, முன்பல்லால் மெதுவாக அரைத்தேன். முதலாவது சரி. இரண்டாவதில் — பொடிப்பொடியாக, ஆனால் மணல்தான். இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன். மணலேதான். மூன்றாவது சரி.

"ரெண்டாவது வெளிய போகக் கூடாதுங்க" என்றேன்.

அண்ணன் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். அவரும் அதையேதான் எழுதியிருந்தார்.

மேலாளரம்மா இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. வாய்ல எந்த வாசனையும் இருக்கக் கூடாது."

கொப்பளிக்கக் கூடாது. பேஸ்ட் வாசனை தானாகப் போக மூன்று மணி நேரமாவது வேண்டும். அலாரத்தை நாலரைக்கு வைத்திருக்கிறேன்.