காலண்டரில் நிற்கும் முதுகு

ஜமுனாமரத்தூர்,
மார்கழி 15, 1984

அன்புள்ள மாமாவுக்கு,

பாஞ்சாலை எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்கள் அங்கே சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருக்கிறீர்கள், காலண்டரில் பார்த்துவிட்டேன்.

எந்தக் காலண்டர் என்று முழிக்க வேண்டாம். புரட்டாசியில் உங்கள் ஜவுளிக் கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு பட்டாளத்தையே மலைமேல் ஏற்றிக்கொண்டு வந்து, நம் வீட்டில் தங்க வைத்துப் படம் பிடித்தீர்களே, அதுதான். செங்கத்து ஜவுளிக்கடையில் துணி எடுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே சந்தையில் மளிகைக்கடையில் தொங்குகிறது, டீக்கடையில் தொங்குகிறது. எங்கள் எட்மாஸ்டரும் ஒன்று வாங்கி வந்து ஆபீஸ் ரூமில் மாட்டிவிட்டார். காலையில் நான் கையெழுத்துப் போடப் போனால் நேர் எதிரே அதுதான்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். பின்னால் கதிர் சாய்ந்த சாமைக் கொல்லை, இளவெயில், மயில்கழுத்து நிறச் சேலையில் அந்த மாடல் பெண் நீலாவதி. அவள் கொண்டையில் ஒரு ஆம்பிளை கனகாம்பரம் வைக்கிறான். அவன் முகம் தெரியவில்லை, முதுகும் பின்மண்டையும்தான் தெரிகிறது. மண்டையில் ரெட்டைச் சுழி.

ஏன் மாமா, தீபாவளிக்குத் தீபாவளி அந்த மண்டையில் எண்ணெய் வைத்துத் தேய்க்கிறவள் நான். எனக்குத் தெரியாதா அது யார் மண்டை என்று?

புருஷனாக நடிக்க மெட்ராஸிலிருந்து கூட்டி வந்த பிள்ளை, மலைப்பாதை வளைவிலெல்லாம் வாந்தி எடுத்து நம் கூடத்தில் பாயில் சுருண்டு கிடந்தான். இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தவள் நான். சாயங்காலம் நீங்கள் வந்து, அவன் மத்தியானமே தெளிந்து வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான் என்றீர்கள். நானும் என் கஷாயத்தின் மகிமை என்று பூரித்துப் போனேன். கஷாயம் குடித்ததும் எழுந்து வெளியே போனவன் கொல்லைப் பக்கம்கூடப் போயிருக்க மாட்டான், எந்த மரத்தடியில் சுருண்டானோ.

அந்தக் காலையிலே நான் செய்த வேலை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? காற்று இல்லை, முந்தானை பறக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். முந்தானை நுனியில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு நூலைக் கட்டி, மறு நுனியை என் கையில் கொடுத்து, புதருக்குப் பின்னால் உட்காரச் சொன்னீர்கள். "இழு, விடு, இழு" என்று நீங்கள் சொல்லச் சொல்ல இழுத்தேன். அவள் சேலை பறந்தது, என் கையை நூல் அறுத்தது. அப்புறம் எல்லாருக்கும் சோறாக்க வேண்டும், நீ வீட்டுக்குப் போ என்றீர்கள். போகும்போது என் தலையிலிருந்த கனகாம்பரத்தையும் கேட்டீர்கள். கலருக்கு நன்றாக எடுக்கும் என்றீர்கள். கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உலை வைக்கப் போனேன். தன் பூவைத் தானே கழற்றிக் கொடுத்த கூறுகெட்டவள் இந்த மலையில் நான் ஒருத்திதான்.

எனக்கு வயிறு எரிகிறது மாமா. டீச்சராக இருக்கிறேன், விளம்பரம் என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறேன், எல்லாம் சரி. எரிகிறது எரிகிறதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தலையில் ஒரு முழம் பூ வைத்திருப்பீர்களா? வாங்கி வந்தால்கூடத் துணி காயும் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டுப் போவீர்கள்.

இதை நான் என் மனசோடு வைத்துப் புழுங்கியிருப்பேன். ஊர் விடவில்லை. பக்கத்து வீட்டு மாதம்மாள்தான் முதலில் வந்தாள். மடியில் ஒரு படி சாமை அரிசியை முடிந்துகொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னா டீச்சர், உங்க வூட்டுக்காரரு மெட்ராசுல இன்னொண்ணு கட்டிக்கினாராமே, சொல்லவே இல்லியே" என்றாள். அது விளம்பரம், சேலை விற்பதற்காக எடுத்தது என்று சொன்னேன். சேல விக்கறதுக்கு எதுக்குப் பூ வெக்கணும் என்று கேட்டாள். அரிசியை வாங்கிப் பானையில் கொட்டினேன்.

அதோடு அந்தச் சுழி. ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பெண்டாட்டி என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் குடிவந்த நாளிலேயே உங்கள் தலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நடக்க வேண்டியது நடந்துவிட்டது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் ரெண்டாவது கட்டியது பற்றி யாருக்கும் பெரிய கோபம் இல்லை. மூத்தவளையும் ஊரையும் கேட்காமல் கட்டியதுதான் தப்பாம். ஊர்க்கவுண்டர் சின்னக்குழந்தை நேற்று என் வாசலுக்கு வந்துவிட்டார். "நம்ம ஊருத் தண்ணி குடிச்ச மனுசன், நம்ம வழக்கத்துக்குக் கட்டுப்படணும். பொங்கல் கழிச்சு மறு சந்தைக்கு ஊரு கூடுது. அவரு வந்து பதில் சொல்லட்டும்மா" என்றார். நீங்கள் வராவிட்டால் ஊரார் நம் கல்யாணத்தை முறித்து என்னைச் செங்கத்தில் என் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டு நியாயம் கேட்பார்களாம். அவருக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.

நானா விடுவேன். இருங்க கவுண்டரே, என் புருஷன் என் புருஷன்தான், இதோ பாருங்கள் சாட்சி என்று நம் கல்யாண ஆல்பத்தைத் தூக்கி வந்து அவர் முன்னால் விரித்தேன்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நீங்கள் அதில் இல்லை.

படம் பிடிக்க வந்த ரங்கசாமி அண்ணன் வெளிச்சம் சரியாக வைக்கவில்லை என்று மணவறையிலேயே சண்டை பிடித்து, மாலையும் கழுத்துமாக அவர் கேமராவைப் பிடுங்கிக்கொண்டீர்களே, மறந்துவிட்டதா? நான் தனியாக நிற்கிறேன். நான் என் அம்மாவோடு நிற்கிறேன். நான் யாரையோ பார்த்துச் சிரிக்கிறேன், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. தாலி கட்டினது படத்திலேயே இல்லை, ஏனென்றால் கேமரா அப்போது உங்கள் மடியில் கிடந்தது. சத்தம் கேட்டு வந்த மாதம்மாள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். "இதுல நீ ஒண்டிதான் கீற டீச்சர். மாப்ள எங்க?" என்றாள். அவர்தான் படம் எடுத்தார் என்றேன். "தாலி கட்டறவரா போட்டோ புடிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, என் மனசு நோகக்கூடாது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கவுண்டர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரியெல்லாம் அதையே நினைத்தேன். காலண்டரில் நீங்கள் முன்னால் நின்றால் கேமராவுக்குப் பின்னால் நின்றது யார்? உங்கள் உதவிக்கு இருக்கும் தாண்டவராயன்தானே. லென்ஸைத் துடைக்கக்கூட நீங்கள் விடாத மனுஷன். கேமராவை இன்னொருத்தர் கையில் கொடுக்க உங்களுக்கும் மனசு வரும் என்று எனக்குத் தெரியாது. என் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்துக்கு வரவில்லை, அவள் கொண்டையில் பூ ஏறுகிற நேரத்துக்கு வந்திருக்கிறது. உலகத்திலேயே நீங்கள் புருஷனாக நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் பக்கத்தில் நான் இல்லை.

போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், கம்பெனிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது, பொங்கலுக்கு ஏற்காட்டில் அடுத்த சேலைக்குப் படப்பிடிப்பு, அதே ஜோடி வேண்டும் என்கிறார்கள், அதனால் வர முடியாது என்று. அப்போது படித்துவிட்டு ஐயோ பாவம், மனுஷனுக்குப் பண்டிகை நாளிலும் வேலை என்று வருத்தப்பட்டேன். நேற்று எடுத்து மறுபடி படித்தேன். அதே ஜோடியாம்.

நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான், என் சாமைச் சோற்றை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், போகும்போது அக்கா என்று கட்டிக்கொண்டாள். அது பிழைப்பு, இது வாழ்க்கை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் பிழைப்பு சுவரில் தொங்குகிறது மாமா. வாழ்க்கைக்குத்தான் ஒரு படம் இல்லை.

ஏற்காட்டுக்கு வேறு முதுகு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வாருங்கள். ஊர் கூடும்போது நீங்கள் பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். தாண்டவராயனைக் கூட்டி வாருங்கள், கேமராவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வெளிச்சம் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊரார் எல்லாரும் பார்க்க என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். கனகாம்பரம் நானே கட்டி வைத்திருக்கிறேன்.

முதுகைக் காட்டாமல் நில்லுங்கள், அது போதும்.

குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதீர்கள். எந்த மலையில் இருந்தாலும் முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் இரண்டு சுழிக்கும் சேர்த்து ஒருத்தியான,
பாஞ்சாலை