பொருட்பட்டியலில் ‘படகு – 3’ என்பதைத் திருத்தக் கோரல்

அனுப்புனர்:
செல்வி ஐறீன் நோபேட்,
பௌதிகவியல் ஆராய்ச்சி மாணவி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுனர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பொலிஸ் நிலையம், கொழும்பு.

விடயம்: என்னிடம் திருப்பித் தரவுள்ள பொருட்களின் பட்டியலில் ஒரு சொல்லை மாற்றுதல்

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் நன்றி. நான்கு நாட்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்த நான் நேற்று விடுவிக்கப்பட்டு வீடு வந்து சேர்ந்தேன். போன உயிர் திரும்பி வந்தது என்கிறார் என் தாயார் மாக்ரெட். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

1. எனது ஆராய்ச்சி பெரோவ்ஸ்கைற் என்னும் குறைகடத்தி பற்றியது. காற்று அகற்றிய கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு வகை உப்புத் தூள்களைச் சூடாக்கினால், அவை ஆவியாகி மேலேயுள்ள கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலத்தை மின்சாரத்தால் ஒளிரச் செய்வதே என் முயற்சி. தூள் வைக்கும் விரல் நீள உலோகக் கிண்ணத்தை ஆங்கிலத்தில் ‘போட்’ என்பார்கள். தமிழில் படித்தவள் என்ற பெருமையில் நான் அதைப் ‘படகு’ என்று எழுதி வந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

2. கடந்த 12ஆம் திகதி, மருதானைப் பட்டறையொன்றில் செய்வித்த மூன்று கிண்ணங்களுடன் பஸ்ஸில் வந்தபோது, சோதனைச் சாவடியில் என் குறிப்பேடு பார்க்கப்பட்டது. “மஞ்சள் தூள் இரண்டாம் படகில் ஏற்றப்பட்டது. ஆறு மணிக்குப் படகு உடைந்தது. தூள் முழுவதும் வீண்” என்று அதில் இருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் எழுதியது சரியான சிங்களம். ஆனால் தூள் வெடிமருந்தா, படகு எந்தக் கரையில் நிற்கிறது, ஓட்டுபவர் யார் என்று நான்கு நாட்கள் கேட்கப்பட்டேன். நான் சொன்ன பதிலை யாரும் நம்பவில்லை.

3. தங்கள் நிலைய சார்ஜன்ட் ஸாலிஹ் அவர்கள் நேற்றுக் காலை குறிப்பேட்டை முழுவதும் வாசித்துவிட்டு, படகைக் காட்டச் சொன்னார். கைப்பற்றிய பொருட்களிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “தங்கச்சி, இதில எறும்பு ஏறினாலே தண்ணிக்குள்ள தாண்டு போகுமே” என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

4. வெள்ளிக்கிழமை வந்து கையொப்பமிட்டுப் பொருட்களைப் பெறச் சொன்னார்கள். பட்டியலில் இன்னும் “படகு – 3” என்றே இருக்கிறது. சிரித்தவர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள், தாள் இங்கேயே இருக்கும். மூன்று படகுகள் தன்னுடையவை என்று கையொப்பமிட்ட தமிழ்ப் பெண்ணை அடுத்த சாவடியில் யார் விடுவார்கள்? கையொப்பமிடாவிட்டாலோ, இரண்டு வருட அளவீடுகள் உள்ள குறிப்பேடு கிடைக்காது. அது இல்லாமல் ஆய்வேடு இல்லை.

ஆகவே அவ்விடத்தில் “உலோகக் கிண்ணம் – 3” என்று சிங்களத்திலும் தமிழிலும் திருத்தித் தரும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கையொப்பமிடும்போது என் தாயாரும் உள்ளே வர அனுமதி தரவேண்டும். அவருக்குப் பயம் என்று எழுதத்தான் நினைத்தேன். பயம் எனக்குத்தான் ஐயா.

தங்கள் திருத்தத்தை எதிர்பார்த்திருக்கும்,
ஐறீன் நோபேட் (ஒப்பம்)

கொட்டாஞ்சேனை,
17.11.1999