வண்டிச் சத்தம் இல்லாத சாலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம்தான், மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒளிக்காமல் எழுது, போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பதில் சொல்கிறாய், அதை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிப்பது. போனில் நான் சொல்லலாம் என்றால் உன் அப்பா எந்த மூலையில் இருந்தாலும் காதில் வாங்கிவிடுகிறார், அதனால்தான் கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டர் யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், நடுநடுவே கூப்பிடுவார், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

எங்கள் கிளினிக் முனையில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறதே அந்தச் சாலை, அதை வண்டிகளுக்கு மூடுவதா வேண்டாமா என்றுதான் இத்தனை நாளாக ஊரெல்லாம் பேச்சு. போன பருவத்தில் விடுதிப் பெண் ஒருத்தி நூலகத்துக்குக் குறுக்கே ஓடும்போது சரக்கு வேன் தட்டிக் கால் எலும்பு முறிந்துவிட்டது, அந்தச் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் நிலை கொள்ளவில்லை. கண் உள்ள பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் உன் அப்பா? முன்பாவது வெளிச்சம் நிழல் தெரிந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது, ஆனாலும் கணிதத் துறை வரைக்கும் குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம். யார் கையைப் பிடித்தாலும் உதறிவிடுவார். கிளினிக் வாசலில் அவர் பேருந்திலிருந்து இறங்கியதும் நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவேன், அவர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் எந்த நோயாளி வந்து நின்றாலும் என் காதில் ஏறாது.

இந்த விஷயத்தில் நானே முன்னால் நின்றேன், ஆச்சரியப்படாதே. மாணவர்கள் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள், எந்நேரமும் கையில் ஒலிபெருக்கியோடு திரிவதால் உன் தம்பி அவளுக்கு மைக் என்று பேர் வைத்திருக்கிறான். அவள் வந்து, "ஆன்ட்டி, சார் தினம் எப்படிப் போறார்னு நீங்க கூட்டத்துல சொன்னாலே போதும்" என்றாள், சரி என்றுவிட்டேன். டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம், "கார் வராட்டி பேஷன்ட் எப்படிம்மா வருவான், பல்வலியோட நடந்தா வருவான்?" என்று கேட்டார். தம்பிக்கோ ஒரே கொண்டாட்டம், சாலை முழுக்க சைக்கிளுக்கே கிடைக்கப்போகிறது என்று.

நகரசபைக்காரர்கள் பல்கலைக்கழக அரங்கத்திலேயே கூட்டம் போட்டார்கள். நான் பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், தினமும் ஜன்னலில் நிற்பதையும் சொன்னேன், கைதட்டினார்கள். நான் வந்து உட்கார்ந்ததும் தலைவர் அடுத்த பேரை வாசிக்கிறார், பார்த்தால் உன் அப்பா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேர் கொடுத்திருக்கிறார். மேடை ஏறி, "எனக்குக் கண்ணு தெரியாதுதான், ஆனா என்னைக் காட்டி இந்த ரோட்டை மூடாதீங்க" என்று ஆரம்பித்தார். வண்டிதான் அவருக்கு வழியாம். இரைச்சலை இடது பக்கம் வைத்துக்கொண்டால் நேராகப் போகிறாராம், முனையில் அவர் போகிற திசையிலேயே பக்கத்து வண்டி உறுமிக் கிளம்பினால், குறுக்கே வருகிறவை நின்றுவிட்டன, அவர் கடக்கலாம் என்று அர்த்தமாம். "காரை எனக்குத் தெரியும், எங்க வருது எங்க நிக்குதுன்னு தெரியும். சைக்கிள்தான் தெரியாது. போன வாரம் ஒருத்தன் என்னை உரசிட்டுப் போனான், சட்டையில காத்து அடிச்சப்புறம்தான் தெரிஞ்சது. அது என் சொந்தப் பையன்" என்றார். அரங்கமே சிரித்தது, பின்வரிசையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சண்டை. "எல்லார் முன்னாடியும் என்னை இப்படிக் கவுத்துட்டீங்களே" என்றேன். "உன்னை எதிர்த்து நான் பேசலை, எனக்காக நான் பேசுனேன், எனக்காக நீ பேசறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?" என்றார். அந்தக் கால் முறிந்த பெண்ணைக் கேட்டுப் பாருங்கள் என்று நானும் விடவில்லை. அப்புறம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, உப்பு வேண்டுமா தண்ணீர் வேண்டுமா எல்லாம் தம்பி வழியாகத்தான் போய் வந்தது.

கடைசியில் என் பக்கம்தான் ஜெயித்தது. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து மூடிவிட்டார்கள், இரண்டு முனையிலும் பெரிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் செடி வைத்து வழியை அடைத்தாயிற்று. முதல் நாள் காலை எல்லாரும் நடுச் சாலையில் நடந்தார்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்துகூடப் பேசினார்கள், அந்தக் கால் முறிந்த பெண் ஊன்றுகோலோடு நிதானமாகக் குறுக்கே போனதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் அப்பா பேருந்திலிருந்து இறங்கினார். தொட்டியைக் குச்சியால் தடவி ஒதுங்கி உள்ளே போனார், கொஞ்ச தூரம் நேராகப் போனார், பிறகு கோணலாக நடுவுக்குப் போய் நின்றுவிட்டார். தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறார், அந்தப் பக்கம் சாய்க்கிறார். சுற்றிலும் பேச்சுச் சத்தம், எங்கிருந்தும் வருகிறது, எந்தப் பக்கத்தையும் காட்டவில்லை. மணி அடிக்காமல் ஒரு சைக்கிள், அதன் பின்னால் இன்னொன்று. நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நான் பக்கத்தில் போனதும் அவராகவே கையை நீட்டி என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். "டிபார்ட்மென்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கே பாடம் நடத்துகிற மனுஷன் கேட்கிறார். இத்தனை நாள் யாராவது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்களா என்று கிடந்தவள் நான். பிடித்த பிறகு எனக்கு அது தாங்கவில்லை.

அதற்கப்புறம் தம்பிதான் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறான். அப்பா ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பயம், வகுப்பில் போடுகிற கடி ஜோக்கைக்கூட விட்டுவிட்டாராம். நான் நகரசபையில் மறுபடி பேர் கொடுத்திருக்கிறேன். சாலையைத் திறக்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணை நினைத்தால் அது என் வாயில் வராது. சைக்கிளுக்குத் தனியாக விளிம்பு கட்டிப் பிரிக்க வேண்டும், நடப்பவர்களுக்குக் காலில் தட்டுப்படுகிற மாதிரி வரிக்கல் பதிக்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன், மைக்கும் கூட வருகிறாள். இந்த முறை என்ன பேச வேண்டும் என்று அப்பாவையே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், நான் இரண்டு இடத்தில் மாறுபட்டேன், அவரும் விடவில்லை, ஆனால் பேச்சு திரும்பிவிட்டது. கிடைக்குமா கிடைக்காதா தெரியவில்லை.

நேற்று விடுமுறை. "வா, புது வழி கத்துக்கலாம்" என்று என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். ஆள் நடமாட்டமே இல்லை. கட்டடங்களை ஒட்டி மழைநீர் வடிகாலுக்கு இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதில் குச்சி பட்டதும் கணகண என்றது. நின்றார். இன்னொரு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு, "விடு" என்றார். நான் இன்னும் கொஞ்ச தூரம் வருகிறேனே என்றேன். "விடும்மா" என்றார். விட்டேன். அந்த இரும்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார், நடுவில் யாரோ புதிதாக வைத்திருந்த ஒரு செடித் தொட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு அதை வைத்தவனைத் திட்டினார், மறுபடி தட்டிப் போனார், துறை வாசல்படி ஏறிக் கதவைத் தொட்டார். அவர் இடித்துக்கொண்டபோது என் கால் தானாக எழுந்தது. ஆனாலும் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன்.

டாக்டர் கூப்பிடுகிறார். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், இதைத்தான் உனக்காக எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறன்று போன் செய்யும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே, அவரிடமே கேள். முதுகுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா