ஒத்துக்கொள்ளாதவை

அக்கா,

நீ தூங்குவதால் எழுதுகிறேன். எழுப்பினால் நேற்றைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்ற பயமும் உண்டு.

தொண்டை வலிக்கு டாக்டர் கொடுத்த அந்த மாத்திரையை நான் போடவில்லை. நீ கையிலிருந்து பிடுங்கியதும், "நீ என்ன டாக்டரா?" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேனே, உள்ளே போய் உன்மேல் புகார் சொல்ல அம்மாவுக்குப் போன் போட்டேன். புகார் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அவ சொன்னது நிஜம்தான்டா. நாலு வயசுல பென்சிலின் குடுத்து உனக்கு உதடு வீங்கி மூச்சு வாங்குச்சு. செருப்புகூடப் போடாம ஓடிப்போய் டாக்டரை இழுத்துட்டு வந்ததே அவதான்."

இப்போதைய டாக்டர்மேல் தப்பில்லை. படிவத்தில் 'ஒத்துக்கொள்ளாதவை' என்ற கட்டத்தில் நான் எழுதியது: 'அக்காவின் அறிவுரை'. அவர் சிரித்துவிட்டு, "வேற மருந்து ஏதாவது?" என்றும் கேட்டார். "எதுவும் இல்ல சார்" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி. கல்லூரிச் சுவரிதழில் இதைவிட மட்டமான நகைச்சுவையெல்லாம் எழுதியிருக்கிறேன். எதுவும் என் உதட்டை வீங்கவைக்கப் பார்த்ததில்லை.

தொண்டை வலி அப்படியே இருக்கிறது. வேறு மருந்து கேட்கப் போகிறேன். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போகிறேன். அது வீட்டில் இருந்தால் உன் இருமலுக்கு நீ போட்டுப் பார்ப்பாய். நீயும் டாக்டர் இல்லை.

முட்டை வேகவைத்திருக்கிறேன். ஒன்று வெடித்துவிட்டது, அது என்னுடையது.

பி.கு: படிவத்தில் 'பென்சிலின்' என்று ஒழுங்காக எழுதிவிடுகிறேன். உன் அறிவுரையை அடித்துவிடுகிறேன். அது எனக்கு ஒத்துக்கொள்கிறது.

இன்னொன்று: அறிவுரை சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வேளை மட்டும்.